பஸ்ஸில் போன இரும்புத் துண்டுகள்

திருவரங்குளம்
18.9.2024

அண்ணன் ஆத்மநாதனுக்கு,

நானும் ஹரிணியும் நலம். சிங்கப்பூரில் அவரும் நலம். உங்கள் நலத்தை அண்ணியிடம் போனில் விசாரித்துக்கொண்டேன். என் நம்பரைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்களாமே, சரண்யா அண்ணி சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

ஆடி மாதம் உங்கள் பட்டறையில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கழித்துப் போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, ஆசை ஆசையாகக் கறம்பக்குடிக்குக் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கினேன். அடியில் வண்டியையே தாங்குகிற சேஸிஸில் விரிசல் இருக்கிறது, தரைத் தகடெல்லாம் ஓட்டை, வெல்டிங் பழகி நானே ஒட்டப்போகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். வெல்டிங் ஹோல்டரைக் கையிலும் எடுத்துவிட்டேன். நீங்கள் அதைப் பிடுங்கினீர்கள். ரிப்பேருக்கு வந்த டிரெய்லர்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "சங்கத்துல ரசீது எழுதுற கைக்கு இது என்னத்துக்கு? போயி புள்ளையப் பாரு" என்றீர்கள்.

நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அது நமக்கு வராதே. "இந்த வண்டிய நானே ஒட்டி, இதுலதான் ஹரிணியக் காதுகுத்துக்குக் கூட்டியாருவேன்" என்றேன். "அந்த வண்டி கோயிலுக்கு வந்துச்சுன்னா தாய்மாமன் மடிக்கு வேற ஆளப் பாத்துக்க" என்றீர்கள். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அவர் மடியில் உட்காராமல் அவளுக்கு எப்படிக் காது குத்துவது? இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டேன். பின்பக்கம் மாடு இல்லாத கொட்டகையில் வைத்திருக்கிறேன். சங்கத்திலிருந்து வந்ததும் போனில் வீடியோ பார்த்துப் பழகுகிறேன். முதல் நாள் கண்ணாடி முகமூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது போல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுச் செவந்தி அக்கா உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துவிட்டு, "ஒங்க வீட்டுல மட்டும் மின்னல் வெட்டுதே, என்னடி பண்றே" என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான்.

இத்துடன் பஸ் கண்டக்டரிடம் ஒரு இரும்புத் துண்டு கொடுத்தனுப்புகிறேன். இரண்டு தகடுகளை நான் ஒட்டியது. உங்கள் பட்டறையில் புதிதாக ஆள் சேர்ந்தால் அவன் ஒட்டியதை வைஸில் கவ்வி, சுத்தியலால் அடித்துப் பார்ப்பீர்களே, அப்படி அடித்துப் பாருங்கள். உடையாவிட்டால் ஹரிணிக்கு உங்கள் மடி வேண்டும்.

தங்கை,
சிவரஞ்சனி


கறம்பக்குடி
24.9.2024

ரஞ்சனிக்கு,

துண்டு வந்தது. வைஸில் வைத்தேன். முதல் அடிக்கே பிஸ்கட் மாதிரி இரண்டாகப் போய்விட்டது. இரண்டு பாதியையும் அதே கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

மேலே மட்டும் ஒட்டியிருக்கிறாய். உள்ளே இரும்பு இரும்போடு சேரவே இல்லை. இதை வைத்துக்கொண்டா சேஸிஸைத் தொடப்போகிறாய்? அன்றைக்கு நான் கத்தியது உன்னைக் கேவலப்படுத்த இல்லை. அந்த வண்டி ரோட்டில் போகும்போது சேஸிஸ் விட்டுக்கொடுத்தால், உள்ளே இருப்பது யார்? நீயும் அந்தக் குழந்தையும்தானே. ஒட்டு விட்ட டிரெய்லரெல்லாம் எந்தக் கோலத்தில் பட்டறைக்கு வருகிறது என்று நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னது சொன்னதுதான். உடையாத துண்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். பேச்சு வேண்டாம். எழுத வேண்டுமென்றால் எழுது.

ஆத்மநாதன்


திருவரங்குளம்
14.10.2024

அண்ணனுக்கு,

பிஸ்கட் கிடைத்தது. நன்றி. ஹரிணி ஒரு பாதியை எடுத்துப் பொம்மைக்குத் தலையணை வைத்துவிட்டாள்.

கத்தியதற்குக் காரணம் சொல்லியிருந்தீர்கள். இதையே அன்றைக்கு அந்த நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் நான் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன். நீங்கள் சொன்னது கையைப் பற்றி. எனக்கு இந்தக் கையை விட்டால் வேறு கை கிடையாது.

இப்போது தகட்டின் ஓரத்தைக் கிரைண்டரில் சாய்வாகச் சீவிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். வெல்டிங் ராடை வேகமாக இழுப்பதையும் விட்டுவிட்டேன். சாயங்காலம் கரண்ட் இறங்கிப் போவதால் சனி, ஞாயிறு காலையில் மட்டும் வேலை. ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, ஒட்டுகிற இடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஜீப்பின் சேஸிஸ் விரிசலை ஒட்டினேன். உங்கள் அனுமதி இல்லாமல்தான். நல்ல நாளை விடக் கூடாது என்று அவரும் சிங்கப்பூரிலிருந்து சொன்னார். நம் வீட்டில் எந்தக் காரியத்தைப் பொட்டு வைக்காமல் தொடங்கியிருக்கிறோம்?

நேற்று ஜீப்பைத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். ஹரிணி முன் சீட்டில் நின்றுகொண்டு வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எங்கம்மா ஒட்டுன வண்டி" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன், சொல்லுங்கள்.

இரண்டு துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். எதையாவது ஒன்றை உடைக்காமல் விடுங்கள்.

ரஞ்சனி


கறம்பக்குடி
30.10.2024

ரஞ்சனிக்கு,

இரண்டும் உடைந்துவிட்டது. ஒன்று இரண்டாம் அடியில், மற்றது கொஞ்சம் தாக்குப்பிடித்து. ஓரங்களில் ஒட்டு நன்றாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், பட்டறையில் ஆறு மாதம் வேலை பார்த்தவன் ஒட்டியதுபோல் இருக்கிறது. நடுவில்தான் விட்டுவிடுகிறது. உடைந்த இடத்தில் ஊசி குத்தியது மாதிரி பொத்தல்கள். ராடு ஈரம் வாங்கியிருக்கலாம். மழைக்காலம். வெயிலில் காய வை, டப்பாவில் மூடி வை.

சேஸிஸை ஒட்டிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். ஓட்டியும் பார்த்திருக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையை அதில் ஏற்றாதே. நான் சொல்கிறேன் என்பதற்காகவாவது ஏற்றாதே.

தீபாவளிக்கு உன் அண்ணி அதிரசம் கொடுத்திருக்கிறாள். உடைந்த துண்டுகளோடு ஒரே பையில் இருக்கிறது, எடுக்கும்போது பார்த்து எடு.

ஆத்மநாதன்


திருவரங்குளம்
25.11.2024

அண்ணனுக்கு,

அதிரசம் என் துண்டுகளை விடக் கெட்டி. அண்ணியிடம் சொல்லாதீர்கள்.

ராடுகளை மூன்று வெயில் காய வைத்தேன். செவந்தி அக்கா பார்த்துவிட்டு, வடகத்துக்குப் பக்கத்தில் இரும்பைக் காயப் போடுகிறவள் ஊரிலேயே நீ ஒருத்திதான் என்றார்கள். காய்ந்த ராடு, சுத்தமான தகடு, அவசரப்படாத கை. எல்லாம் சரியாக இருந்தும் இந்தத் துண்டு உடைந்தால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். உடைய வேண்டும் என்று நினைத்தே அடிக்கிறீர்கள் என்று.

ஹரிணியை ஜீப்பில் ஏற்றுவதில்லை. நீங்கள் சொன்னதற்காகத்தான். அவள் தினமும் அழுகிறாள்.

காதுகுத்து தை மாதம் என்று முடிவாகியிருக்கிறது. அவரும் லீவு போட்டு வருகிறார். மார்கழி போனால் நாள் ஓடிவிடும். இதுதான் நிலவரம்.

ரஞ்சனி


கறம்பக்குடி
3.12.2024

ரஞ்சனிக்கு,

உடைந்துவிட்டது. உடைய வேண்டும் என்று நான் அடிக்கவில்லை. இந்தத் தடவை உடையக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். உடைந்ததும் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். வேலை பார்க்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்புறம் உட்கார்ந்து, நீ தீபாவளிக்கு முன்னால் அனுப்பியதில் நான் திருப்பி அனுப்ப மறந்த ஒரு பாதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பொத்தல் ஒரே இடத்தில். நட்ட நடுவில், வட்டமாக, ஒரு ரூபாய் அகலத்துக்கு. ஈரம் என்றால் நீளம் முழுக்க இருக்கும். இப்படி வட்டமாக வராது. உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு துண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டா ஒட்டுகிறாய்? நல்லெண்ணெயில் குழைத்துத்தானே வைப்பாய், நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? எண்ணெயும் மஞ்சளும் அந்தச் சூட்டில் புகையாகும். புகை வெளியே வர வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே நின்று பொத்தலாகிவிடும். மெஷினுக்குப் பொட்டு வை, ஜீப்பின் நெற்றியில் வை, உன் நெற்றியில் வை. ஒட்டுகிற இடத்தில் கம்பி பிரஷைத் தவிர எதுவும் படக் கூடாது.

சேஸிஸிலும் வைத்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை அப்படியே விடாதே. முழுக்க வெட்டி எடு. எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டு. நீ அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, வெட்டி எடு.

ஆத்மநாதன்


திருவரங்குளம்
6.1.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத் திட்டினேன். மறுநாள் அழுதேன். சனிக்கிழமை வெட்டினேன்.

கிரைண்டரை வைத்து மேலே அழகாக இருந்த ஒட்டைச் சீவிக்கொண்டே போனேன். உள்ளே நீங்கள் சொன்ன பொத்தல்கள் அப்படியே இருந்தன. எறும்புப் புற்று மாதிரி. அதன் மேல்தான் ஹரிணியை நிற்க வைத்துத் தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சோறு இறங்கவில்லை என்று எழுதியபோது சிரித்தேன். அன்றைக்கு எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

முழுக்க எடுத்துவிட்டேன். பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும் வரைக்கும் தேய்த்தேன். திரும்ப ஒட்டினேன். வெளிப்பக்கம் ஒரு பட்டைத் தகடும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன். மார்கழியில் புதுக் காரியம் செய்யலாமா என்று செவந்தி அக்கா கேட்டார்கள். இது பழைய காரியம்தான், திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

சேஸிஸை ஒட்டி முடித்த சூட்டோடு, அதே ராடு, அதே கரண்டில் இந்தத் துண்டையும் ஒட்டினேன். இது நல்லதென்றால் அதுவும் நல்லது. இது போனால் அதுவும் போச்சு. இதற்கு மேல் துண்டு அனுப்ப மாட்டேன். இது பழகுவதற்காக ஒட்டியது இல்லை.

காதுகுத்து தை 27, ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 9. எங்கள் குலசாமி கோயிலில். பத்திரிகை தனியாக வரும். தாய்மாமன் என்று உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியம்மா மகன் குணசேகரன் போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஆத்மா வல்லேன்னா என்ன, நான் உக்காந்துக்கிறேன் தங்கச்சி" என்றார். அவரும் அண்ணன் முறைதானே. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரஞ்சனி


கறம்பக்குடி
13.1.2025

ரஞ்சனிக்கு,

குணசேகரனா? அவன் தொப்பைக்கு முன்னால் மடி என்று ஒன்று எங்கே இருக்கிறது? குழந்தையை எதில் உட்கார வைப்பான்? ஹரிணி பிறந்த அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது குணசேகரனா, நானா? அவன் இப்படிச் சொன்னான் என்பதே எனக்கு அசிங்கம். அதைக் கேட்டுக்கொண்டு நீ சும்மா இருந்தது அதைவிட அசிங்கம்.

சீர் என்னுடையதுதான். அதில் யாரும் தலையிட வேண்டாம். தோடு செய்யக் கொடுத்தாயிற்று. வண்டி விஷயத்தில் நான் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை இருக்கிறது. அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பொங்கல் வாழ்த்து.

ஆத்மநாதன்


திருவரங்குளம்
24.1.2025

அண்ணனுக்கு,

கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். குணசேகரன் அண்ணன் தொப்பையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தோடு பற்றி எழுதியிருக்கிறீர்கள். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்டக்டரிடம் கேட்டேன். திருப்பி எதுவும் கொடுக்கவில்லை என்றார். உடைந்திருந்தால் அன்றைக்கே பையில் போட்டு அனுப்பியிருக்கும் ஆள் நீங்கள்.

நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். உள்ளே இரும்பு உருகிச் சேர்ந்ததை இந்தக் கண்ணால் முகமூடிக்குள் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். சேஸிஸையும் அப்படித்தான் ஒட்டினேன். வண்டியில் மண்மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலங்குடி வரைக்கும் போய்த் திரும்பினேன். வந்து கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை. நாலு பேர் முன்னால் நானும்தான் ஒரு வார்த்தை சொன்னேன். நான் அதைக் காப்பாற்றிவிட்டேன் அண்ணே. எனக்கு அதில் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

ஒன்பதாம் தேதி காலையில் ஹரிணியை ஜீப்பில்தான் கூட்டி வருவேன். நான்தான் ஓட்டுவேன். வாடகைக் கார் வைத்துக்கொண்டு வா என்று அண்ணி நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அப்படி வந்தால் உங்கள் மடி கிடைக்கும், ஆனால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. எங்கம்மா ஒட்டிய வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உங்கள் வார்த்தையை என்ன செய்வது என்று நான் எப்படிச் சொல்வது? உங்களுக்கு ஒரு வழி தெரிந்தால் வாருங்கள். மணை போட்டு வைத்திருப்பேன்.

ரஞ்சனி


திருவரங்குளம்
11.2.2025

அண்ணனுக்கு,

விருந்தாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். அவர் தூங்குகிறார். ஹரிணி காதைத் தொடாமல் இருக்க அவள் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறேன்.

கோயில் வாசலில் ஜீப்பைத் திருப்பும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் சீர்த்தட்டோடு அண்ணியும் உங்கள் பட்டறை ஆட்களும். அந்த டிரெய்லர்காரர்களும் நின்றார்கள். அவர்களை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பந்தலில் குணசேகரன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். நான் வண்டியை நிறுத்தினேன்.

நீங்கள் நேராக வந்து, அந்த வேட்டியோடு, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டீர்கள். உங்கள் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே என்ன செய்தீர்கள் என்று தெரியாது, விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது முதுகெல்லாம் கிரீஸ், மண். அதைத் தட்டிவிடக்கூட இல்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். ஹரிணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆசாரி, இங்கிட்டு வாங்க. இந்த வண்டியிலதான் எம் மருமகளுக்குக் காது குத்தணும்" என்றீர்கள்.

குணசேகரன் அண்ணன்தான் முதலில் கையைத் தட்டினார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். காது குத்தும்போது அம்மா அழுவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டுப் போகும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பரவாயில்லை. வேட்டியை அனுப்புங்கள், கிரீஸ் போக எனக்குத் துவைக்கத் தெரியும்.

ரஞ்சனி


கறம்பக்குடி
15.2.2025

ரஞ்சனிக்கு,

வேட்டியைத் துவைக்கக் கொடுக்கப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தத் துண்டை வைஸில் வைத்து நான் அடித்தேன். வளைந்தது. திருப்பிப் போட்டு அடித்தேன். பெரிய சம்மட்டியை எடுத்தேன். கடைசியில் ஒட்டுக்குப் பக்கத்தில் தகடு கிழிந்தது, ஒட்டு அசையவில்லை. நம் பட்டறையில் அப்படி ஒட்டுகிறவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவன் நான். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் பட்டறைக்கு யாராவது வருவார்கள். எழுதுவதை விட்டுவிட்டு அவர்களிடம் துண்டைக் காட்டிக்கொண்டிருப்பேன்.

ஆடியில் நின்றவர்களை நானேதான் போன் போட்டுக் கூப்பிட்டேன். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் மாற்ற வேண்டும். அதில் ஒருவர் நேற்று வந்தார். டிராக்டரில் டிரெய்லரை மாட்டுகிற கொக்கி விட்டுப்போயிருக்கிறது. நான் முகமூடியை எடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதீங்க, தங்கச்சி ஒட்டித் தருமா?" என்றார். பட்டறை வைத்த நாளிலிருந்து என் கையை விட்டுவிட்டு வேறு கையைக் கேட்டவர் கிடையாது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நீ ஒட்டியதையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். அவர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

வண்டியின் இடப்பக்க ஃபுட்போர்டில் ஒட்டு சுமார்தான். அதைச் சொல்லாமல் விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஹரிணியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வா. கொக்கியை எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் நிழலில் இடம் இருக்கிறது, ஆனால் ஜீப்பை அங்கே கொண்டுபோய் விடாதே. முன்னால், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி நிறுத்து.

அண்ணன்,
ஆத்மநாதன்